பின் சக்கரத்துக்கு இரண்டு டயர்

பதினோராவது அத்தியாயம்

"வாயைத் திறக்கக் கூடாது" என்றார் அய்யா. "நான் கேக்கது அவ்வளவுதான்."

இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசிய முதல் பேச்சு அது.

ராயபுரம் கல்மண்டபத்தில் மிளகாய் மண்டி வைத்திருக்கும் ஆறுமுகநயினாரின் மகள் பூமாரி, அதாவது நான், மண்டி லாரியை ஓட்டிய ஜெயவேலோடு போய்த் தண்டையார்பேட்டையில் குடித்தனம் வைத்த கதையை வாசகர்கள் அறிவார்கள். அன்று சாயங்காலமே அம்மா கிணற்றடியில் எனக்காகத் தலை முழுகினாள். செத்தவர்களுக்காக முழுகுகிற முழுக்கு அது. எனக்கு மகளே இல்லை என்று சொல்லிவிட்டு முழுகினாளா, முழுகிவிட்டுச் சொன்னாளா என்பது மட்டும் எனக்கு இன்றுவரை நிச்சயமில்லை.

அந்த அம்மா இப்போது எண்ணூரில், கடலோரத்து நர்ஸிங் ஹோமில் கிடக்கிறாள். வயிற்றில் ஆபரேஷன். தையல் இன்னும் பச்சையாக இருக்கிறது. வீட்டுக்கு வர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். போன வாரக் கடைசியில் சொல்லி அனுப்பினாள்: "ஜெயவேலைக் கூப்பிடுங்க."

எங்கள் ஜனத்தில் மாப்பிள்ளையை மட்டும் யாரும் கூப்பிடுவதில்லை. மாப்பிள்ளைக்கு ஆள் வந்தால் மகளுக்கும் சேர்த்து வந்ததாகத்தான் வழக்கம். கோபித்துக்கொண்ட தாய்மார் மகள் பெயரைச் சொல்லமாட்டார்கள். மாப்பிள்ளைக்கு ஆள் அனுப்புவார்கள். என் பெரியம்மா அப்படித்தான் கூப்பிட்டாள். எதிர்வீட்டு அத்தையும் அப்படித்தான். அதனால் அம்மா என்னைக் கூப்பிட்டுவிட்டாள் என்று நான் எடுத்துக்கொண்டேன். வேறு எப்படி எடுத்துக்கொள்வது?

என் கணவரும் அப்படியே எடுத்துக்கொண்டார். அய்யா முன்னால் நின்று, "இவளும் கூட வருவா மொதலாளி. இல்லாங்காட்டி வேற ஆளைப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டார். அதைக் கேட்டபோது எனக்குக் கண் நிறைந்தது.

அய்யா வெற்றிலையை மடித்து வாயில் போட்டு, மென்று, மெதுவாகத்தான் பதில் சொன்னார்.

"மனசு கலங்கினா தையல் பிரியும்னு டாக்டரம்மா சொல்லியிருக்கா. இவ முன் சீட்டுல இருக்கட்டும். நடுவிலே படுதா கட்டியிருக்கு. அவளுக்கு இவ சத்தம் கேக்கக் கூடாது. அவளும் வழியிலே வலியில ஒரு சத்தம் போடக் கூடாது. ரெண்டும் சரியா நடந்தா இவ நடை தாண்டி உள்ள வரட்டும்."

"வலிச்சா?" என்றேன்.

"வலிச்சா நீங்க ரெண்டுபேரும் வாசல்லே இருந்தே போயிருங்க."

வண்டி கொட்டகையில் நின்றது. யுத்தம் முடிந்த பிறகு ஏலத்தில் அய்யா எடுத்த பட்டாளத்து வண்டி. மேலே மரக்கூடு கட்டி, ஜன்னல் வைத்து, வீட்டு ஜனம் முழுக்கப் போகிற மாதிரி செய்திருந்தார்கள். உயரமும் கனமும் சேர்ந்து, தெருவில் அது வந்தால் ரிக்ஷாக்காரர்கள் ஓரம் போய் நின்றுவிடுவார்கள்.

என் கணவர் குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

"இந்த டயரைப் போட்டுகினா வவுத்துல தையல் போட்ட ஆளைக் கூட்டியாறது? கட்டை வண்டியே மேலாச்சே!"

பட்டாளத்து டயர் எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். அதில் பாதிச் செங்கல் அளவுக்குப் பற்கள் இருக்கும். மணலிலும் சேற்றிலும் அந்தப் பற்கள் கடித்துப் பிடிக்கும். எண்ணூர் உப்பளத்துக்குள் இறங்கி ஏற அதைவிட்டால் வேறு கிடையாது. தார் ரோட்டில் கதை வேறு. ஒவ்வொரு பல்லும் தனித்தனியாக ரோட்டை அடிக்கும். அந்த அடி இரும்பு வழியாக ஏறி உட்கார்ந்திருப்பவர் எலும்புக்கு வரும். மழை பெய்துவிட்டாலோ பல்லுக்குக் கடிக்க ஒன்றும் இல்லாமல் வழுக்கும்.

கொட்டகை மூலையில் நாலு ரோடு டயர்கள் ரிம்மோடு அடுக்கியிருந்தன. ஊருக்குப் போகும்போது போடுகிறவை. நீளவாக்கில் கோடு கோடாக, வழவழப்பாக.

"அத்த மாட்டிகினா போதும்" என்றார் என் கணவர்.

அடுக்கின் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான் என் அண்ணன் சுயம்பு. "ரெண்டு எடுத்துக்கிடு."

"நாலு கீதே."

"நாலு கீதுதான்" என்று அவரைப் போலவே இழுத்துச் சொன்னான் அண்ணன். "நாலையும் குடுத்தா வண்டியை நானே ஓட்டிருவேனே. நீ பெரிய கெட்டிக்காரன்னு எங்கம்மா கூப்பிட்டிருக்கா. எங்க, ரெண்டு டயர்ல காட்டு பாப்போம்."

நான் அய்யாவைப் பார்த்தேன். அவருக்கும் கேட்டிருக்கும். அவர் வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

ஜாக்கியைப் போட்டு வண்டியைத் தூக்கிவிட்டு, என் கணவர் டயரை உருட்டிக்கொண்டு முன்னாலும் போகாமல் பின்னாலும் போகாமல் நடுவில் நின்றார்.

"என்ன யோசிக்கீங்க?"

"முன்னால போட்டா ஸ்டீரிங் என் பேச்சைக் கேக்கும். பின்னால போட்டா உங்கம்மா வவுறு தப்பிக்கும். கட்டில் பின்னாலதானே கீது."

"மழை வந்தா?"

"வந்தா முன்னால கீற பல்லு தாருல வழுக்கிகினு நேராப் போவும். நான் திருப்புவேன், அது திரும்பாது." டயரைத் தன் தொடையில் சாய்த்துக்கொண்டார். "நீ சொல்லு பூமாரி. இன்னா பண்ணட்டும்?"

வானத்தைப் பார்த்தேன். ஐப்பசி மாதத்து வானத்தை நம்பலாமா என்று தெரியவில்லை. அம்மா சத்தம் போட்டுவிட்டால் நடை தாண்ட முடியாது என்பது மட்டும் தெரிந்தது.

"பின்னால போடுங்க" என்றேன்.

மாட்டி முடித்ததும் அவர் காற்றை இறக்க ஆரம்பித்தார். டயர் சீறிற்று. அய்யாவுக்குப் பொறுக்கவில்லை. எங்கள் வீட்டில் டயரை இரும்புக் கம்பியால் தட்டிப் பார்ப்பது வழக்கம். கல்லைத் தட்டிய மாதிரி ஓசை வந்தால்தான் காற்று போதும்.

"ஏ, என்ன செய்யுதே? தொளதொளன்னு ஆகுதே!"

"தொளதொளன்னு இருந்தாத்தான் மொதலாளி பள்ளத்தை அது முழுங்கும். கல்லு மாதிரி இருந்தா, பள்ளத்தை அப்படியே தூக்கி அம்மா வவுத்துல வெக்கும்."

"வண்டி அலையுமேலே?"

"அலையும். நான் பாத்துக்கறேன்."

எண்ணூர் போய்ச் சேரும்வரை ரோடு காய்ந்துதான் இருந்தது. முன் டயர்களின் பல் எங்கள் காலடியில் ஓயாமல் முனகிக்கொண்டே வந்தது. ஸ்டீரிங் அவர் கையில் நடுங்கிற்று. பின்னால் அண்ணன் கட்டிலில் படுத்துப் பார்த்துவிட்டு, "பரவாயில்லலே, தூக்கம் வருது" என்று கத்தினான்.

உப்பளத்தில் நிறுத்தி, கட்டிலுக்கு அடியில் உப்பு மூட்டைகளை அடுக்கச் சொன்னார் என் கணவர். வெறும் வண்டியின் பட்டை ஸ்பிரிங் உதைக்குமாம். பாரம் இருந்தால் அமுங்கிப் போகுமாம். அண்ணன் மூட்டை தூக்கவில்லை. அவரே தூக்கினார்.

நர்ஸிங் ஹோம் வாசலில் நான் முக்காட்டை இழுத்துவிட்டு முன் சீட்டில் குனிந்து உட்கார்ந்தேன். அம்மாவைத் துணியில் ஏந்திக் கொண்டுவந்தார்கள். படுதாவுக்கு அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது. மருந்து வாடை வந்தது.

"யாரு ஓட்டுதா?" அம்மாவின் குரல். மெலிந்திருந்தது. ஆனால் அவள் குரல்தான்.

"நீ கேட்ட ஆளுதான். ஜெயவேல்" என்றான் அண்ணன்.

"ம். போகச் சொல்லு."

என் கணவர் வண்டியை எடுத்த விதத்தை நான் சொன்னால் பெண்டாட்டி சொல்கிறாள் என்பீர்கள். வண்டி நின்றதா நகர்ந்ததா என்று தெரியாமல் நகர்ந்தது. பள்ளம் வருமுன்பே வேகத்தைக் குறைத்து, ஒரு சக்கரத்தை இறக்கி, அது ஏறிய பிறகே அடுத்ததை இறக்கினார். முன்னால் எங்களுக்கு எலும்பு நொறுங்கியது. பின்னால் ஒரு சத்தமும் இல்லை.

கொஞ்ச தூரம் போனதும் அம்மா பேசினாள்.

"ஏலே சுயம்பு, கால் மரத்துப் போச்சு."

"அமுக்கவா?"

"உன் கை எதுக்கு? ஒரு பொம்பளப் பிள்ளை இருந்தா பக்கத்துல உக்காந்து அமுக்கிக்கிட்டே வரும். எனக்கு எங்க கொடுப்பினை?"

முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன். படுதா என் முதுகில் பட்டுப் பட்டு விலகியது. கையை நீட்டினால் அம்மாவின் காலைத் தொட்டுவிடலாம். என் கணவர் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் என் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினார். பார்த்தாயா, உன்னைத்தான் கேட்கிறாள் என்று அதற்கு அர்த்தம்.

எனக்கும் அப்படித்தான் தோன்றிற்று.

திருவொற்றியூர் வரும்போது தூறல் விழுந்தது. தார் ரோடு கறுத்து மினுமினுத்தது. முனகிக்கொண்டு வந்த முன் டயர்கள் திடீரென்று அமைதியாகிவிட்டன. அந்த அமைதியைக் கேட்டதும் அவர் ஸ்டீரிங்கை இறுக்கிப் பிடித்தார்.

இடது பக்கம் கடற்கரை மணல். அங்கிருந்து மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஒருத்தி ரோட்டில் ஏறினாள். மழைக்குச் சாக்கைக் கண் மறையக் கொங்காணியாகப் போர்த்தியிருந்ததால் வண்டியைப் பார்க்கவில்லை.

அவர் பிரேக்கை அழுத்தினார். ஸ்டீரிங்கை முழுக்கத் திருப்பினார். வண்டி திரும்பவில்லை. சக்கரங்கள் ஒரு பக்கம் பார்க்க, வண்டி நேராக அவளை நோக்கி வழுக்கிக்கொண்டே போயிற்று. முன்னால் ரோடு டயர் இருந்திருந்தால் திரும்பியிருக்கும். இதை எந்தப் பக்கத்திலிருந்து யோசித்தாலும் அங்கேதான் வந்து நிற்கிறேன்.

அவள் மணல் பக்கமாகத் தாவினாள். அதே சமயம் எங்கள் இடது சக்கரம் ரோட்டோரத்து மணலைத் தொட்டது. தொட்டதும் பற்கள் கடித்தன. இரண்டரை டன் வண்டி அவள் தாவிய பக்கத்துக்கே திரும்பி மணலில் இறங்கியது. மட்கார்டு கூடையில் இடித்தது. என் ஜன்னலுக்குக் கீழே அவள் விழுந்தாள். வெள்ளி வெள்ளியாக மீன் சிதறியது.

பின்னால் வண்டி தொட்டில் போல் ஒரு ஆட்டம் ஆடியது. அவ்வளவுதான். அம்மா சத்தம் போடவில்லை.

"டேய் கஸ்மாலம்! கண்ணு பொடனியிலயாடா கீது?" அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். விரல்களுக்கு நடுவே ரத்தம் வந்தது. "எறங்குடா கீழ! என் காலு போச்சுடா பாவி! யம்மா, எய்ந்துக்க முடியலியே!"

"என்ன சத்தம்?" என்றாள் அம்மா.

"மீன்காரி. சும்மா கத்துதா" என்றான் அண்ணன். "ஏய், நிக்காதே. ஜனம் கூடிரும். போ!"

கீழே கிடந்தவள் என்னைப் பார்த்துவிட்டாள்.

"ஏ பொம்பள! உள்ள குந்திகினு பாத்துகினு கீறியே, நீயாவது அவனை நிறுத்தச் சொல்லு! ஒனக்கு வாய் இல்ல?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். என்னிடமிருந்து ஒரு சொல் வந்தால் இறங்கிவிடுவார் என்று நினைக்கிறேன். இல்லை, அப்படி நினைத்துக்கொள்வது எனக்கு இப்போது வசதியாக இருக்கிறதோ என்னவோ. படுதாவுக்குப் பின்னால் அம்மாவின் மூச்சு கேட்டது. நான் வாயைத் திறக்கவில்லை.

"போகச் சொல்லு சுயம்பு" என்றாள் அம்மா. "குளிருது."

அவர் கியரைப் போட்டார். மணலில் பற்கள் நன்றாகக் கடித்தன. ஒரே இழுப்பில் வண்டி ரோட்டில் ஏறியது. அவள் போட்ட சாபம் கொஞ்ச தூரம் வரை காதில் விழுந்தது.  அதற்குப் பிறகு அவர் என் முழங்காலைத் தட்டவில்லை.

கல்மண்டபத்தில் வண்டி நின்றபோது அய்யா வாசலில் காத்திருந்தார். அண்ணன் இறங்கி, "ஒரு சத்தமும் இல்ல அய்யா. பாதி வழி தூங்கிட்டே வந்தா" என்றான். அவன் குரலில் ஏமாற்றம் இருந்தது.

அம்மாவை உள்ளே கொண்டுபோய்க் கூடத்துக் கட்டிலில் கிடத்தினார்கள். அய்யா கதவை முழுக்கத் திறந்து, ஒதுங்கி நின்றார்.

"சொன்னா சொன்னதுதான். வா."

நடை தாண்டினேன். இரண்டு வருஷமாக எத்தனை தடவை இந்தக் கூடத்தை மனசில் நடந்து பார்த்திருக்கிறேன்! அம்மா தலையணையில் சாய்ந்திருந்தாள். கன்னம் ஒட்டியிருந்தது. நான் அவள் கால்மாட்டில் உட்கார்ந்து, போர்வைக்கு வெளியே தெரிந்த பாதத்தை இரண்டு கையாலும் பிடித்தேன்.

பாதம் உள்ளே போயிற்று. தையல் போட்ட வயிறு. ஆனாலும் வலியைப் பொறுத்துக்கொண்டு, முழங்காலை மடக்கி, போர்வைக்குள் காலை இழுத்துக்கொண்டாள்.

"இவ ஏன் உள்ள வந்தா?"

அய்யாவைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"அம்மா, நான்தான். வண்டியிலே முன்னால நான்தான்..."

"ஏறும்போதே பாத்தேன்" என்றாள் அம்மா, இன்னும் அய்யாவைப் பார்த்தபடியே. "முக்காடு போட்டா முதுகு மறைஞ்சிருமா? வாயைத் திறக்காம வந்தா, அதனால நானும் சும்மா வந்தேன்."

 "கால் அமுக்க ஒரு பொம்பளப் பிள்ளை இல்லேன்னு சொன்னியே அம்மா..."

"இல்லைதானே?"

அண்ணன் சிரித்துவிட்டான். அய்யா சிரிக்கவில்லை.

"நீதானேம்மா இவங்களைக் கூப்பிட்டே" என்றேன்.

"வயித்துல தையலோட சுயம்பு ஓட்டுற வண்டியில வர முடியுமா? கை சுத்தமான டிரைவர் வேணும்னேன். ராயபுரத்துல வேற எவன் இருக்கான்?" மூச்சு வாங்கிக்கொண்டு, அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள். "தலை முழுகியாச்சு ஏட்டி. முழுகித் துவட்டி உலத்தியும் ஆச்சு. செத்தவளுக்குத் திவசம்தான் குடுக்கலை. அதையும் குடுக்க வச்சிராதே."

கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பாதம் இருந்த இடத்தில் போர்வையின் சூடு இன்னும் இருந்தது.

"நான் என் பேச்சை மீறலை" என்றார் அய்யா வாசல் பக்கம் கையைக் காட்டி. "நடை தாண்ட விட்டேன். இனி அந்தப் பக்கமா தாண்டு."

என் கணவர் நடைக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். உப்பு மூட்டை தூக்கிய தோளில் வெள்ளையாகப் படிந்திருந்தது. நான் எழுந்து அவர் அருகில் போய் நின்றேன். போகலாம் என்று அவர் சொல்வார். அய்யாவை நாலு வார்த்தை கேட்பார். அதில் இரண்டு வார்த்தை எழுதத் தகாததாகவும் இருக்கும். அவர் வாய் எனக்குத் தெரியும்.

"ஜெயவேலு" என்றாள் அம்மா உள்ளிருந்து. அவள் குரலில் அப்படி ஒரு கனிவை அன்று முழுவதும் நான் கேட்கவில்லை. "மகராசன், உன் கை அப்படியே இருக்கு. தண்ணி நிறைஞ்ச செம்பை வச்சிருந்தாலும் தளும்பியிருக்காது. வாராவாரம் டாக்டரம்மாகிட்ட போகணுமாம். எனக்கு வேற ஆள் தோதுப்படாது."

அய்யா மடியிலிருந்து வண்டிச் சாவியை எடுத்தார்.

"பழையபடி மண்டிக்கே வந்திரு. வண்டி உன் பொறுப்பு. நீ சொல்லுத டயர், நீ சொல்லுத காத்து. நாங்க யாரும் தலையிடலை." சாவியை நீட்டினார். "ஆனா வாரது நீ மட்டுந்தான்."

சாவி அய்யாவின் விரலில் ஆடிக்கொண்டிருந்தது. என் கணவர் அதைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். திருவொற்றியூரில் பார்த்த அதே பார்வை.

இப்போது என் வாய்க்குக் கட்டுப்பாடு ஒன்றும் இல்லை. "வேண்டாம்" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். தெருவில் போன ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

அவர் தன் உள்ளங்கையைக் கால்சட்டையில் இரண்டு பக்கமும் துடைத்துக்கொண்டார்.

"காலீல எத்தினி மணிக்கு வரணும் மொதலாளி?" என்றார்.